ஆயுத பூஜைக்கு மறுநாள் ஏற்றிய பில்ட்

இந்த மாதக் கடைசியோடு நான் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன். ஓய்வு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. ஆனால் இனிமேல் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்த பிறகு, இந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். அடுத்த மாதம் முதல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி வகுப்பு எடுக்கப் போகிறேன்.

எங்கள் கம்பெனியில் இப்போது ஆன்ட் என்கிற கருவியை விட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுகிறார்கள். நான் எழுதிய பழைய பில்ட் கோப்பைப் புதிதாகச் சேர்ந்த இருவர் வரி வரியாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருவர் என் மேஜைக்கு வந்தார்.

“அண்ணே, இது ஏன் ஒவ்வொரு தடவையும் கம்பைல் பண்ணி வச்ச எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்குது? மாத்துன ஃபைல மட்டும் பண்ணுனா போதாதா? அதுவும் ஆரம்பிக்கும்போதே இந்த மிஷின் தேதியும் சர்வர் தேதியும் ஒண்ணான்னு பாக்குது. எதுக்குண்ணே இம்புட்டு சந்தேகம்?”

எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நடுவில் ஏதாவது தமாஷ் பேசித் தப்பித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு முந்தியவர்கள் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். நான் படித்த கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. பட்டாசுக் கம்பெனி வேன் வரும் நேரத்தில் நான் மட்டும் டவுன் பஸ் ஏறினேன், அவ்வளவுதான். விருதுநகரில் கல்லூரி, பிறகு கணினியில் மேல்பட்டம், மதுரையில் ஜாவா வகுப்பு, சென்னையில் கொஞ்ச காலம் வேலை தேடி அலைச்சல், திரும்பி ஊருக்கு வந்தது. திரும்பி வந்தவனை எடுத்துக்கொண்டது விருதுநகரில் இருந்த இந்தக் கம்பெனிதான்.

அப்போது நாங்கள் மொத்தம் எட்டுப் பேர். மிளகாய் வத்தல் கிட்டங்கி ஒன்றின் மாடியில் ஆபீஸ். கீழே மூடை பிரிக்கிற நாட்களில் மேலே நாங்கள் தும்மிக்கொண்டே வேலை பார்ப்போம். போனில் பேசும் வாடிக்கையாளர்கள், “என்ன சார், ஆபீஸ்ல எல்லாருக்கும் சளியா?” என்று கேட்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் சரோஜா மேடம். முப்பது வயதைத் தாண்டியவர். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்துப் பெண். எங்களுக்கு ஆர்டர்கள் வருவதே அந்தச் சொந்தபந்தத்தால்தான் என்று பின்னால் பேசுவார்கள்; அவருக்கும் அது தெரியும். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். சுருக்குப் பையிலிருந்து காராச்சேவு எடுத்து ஒவ்வொன்றாகக் கடிக்க ஆரம்பிப்பார். அந்தக் கடக் கடக் சத்தம் கேட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். என்னை ‘நீங்க’ என்றுதான் பேசுவார். முதல் நாள் அது எனக்கு ரொம்பக் கூச்சமாக இருந்தது.

நான் சேர்ந்த புதிதில், ஒரு திருத்தத்தைச் சர்வரில் ஏற்றுவது அரைநாள் வேலை. திருத்திய ஜாவா கோப்பைக் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது மிஷினுக்குப் புரிகிற வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அதிலிருந்து வரும் கிளாஸ் கோப்பை அதற்குரிய ஃபோல்டரில் வைக்க வேண்டும். திரையில் தெரியும் பக்கங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்ட வேண்டும். அதற்கு வார் கோப்பு என்று பெயர்; கட்டுகிற வேலைக்கு பில்ட். பிறகு சர்வரை நிறுத்தி, பழைய பொட்டலத்தை எடுத்துவிட்டு, புதியதை வைத்து, மறுபடி ஓட விட வேண்டும். மேடம் இத்தனையையும் கையால் அடித்துச் செய்வார். ஒவ்வொரு கட்டளைக்கும் திரையில் என்ன வருகிறதோ அதை வாய்க்குள் முணுமுணுத்துப் படித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். பக்கத்தில் நிற்பவனுக்குக் கால் வலிக்கும்.

ஆன்டைக் கொண்டுவந்தது நான். செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டால், பிறகு ஒரே ஒரு சொல்லை அடித்தால் போதும், கம்பைல் செய்வது முதல் சர்வரில் ஏற்றுவது வரை அதுவே செய்துவிடும். அதில் இன்னொரு கெட்டிக்காரத்தனம், மாறிய கோப்பை மட்டும்தான் அது கம்பைல் செய்யும். மாறியிருக்கிறதா என்று உள்ளே திறந்து பார்க்காது. நேரத்தைத்தான் பார்க்கும். நாம் எழுதிய கோப்பின் நேரம், முன்பு கம்பைல் செய்து வைத்ததன் நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தால் மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். முந்தியதாக இருந்தால் தொடாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தால் கடைசியில் ‘பில்ட் சக்ஸஸ்ஃபுல்’ என்று ஒரு வரி வரும்.

அந்த வரியை முதன்முதலில் பார்த்தபோது, பரீட்சை ரிசல்ட்டில் என் நம்பரைப் பார்த்த மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் வரும் மற்ற வரிகள் எனக்கு இடைஞ்சலாகத் தோன்றின. ஆன்டுக்கு ‘சத்தமில்லாமல் ஓடு’ என்று சொல்ல ஒரு வழி உண்டு. அப்படிச் சொன்னால் எத்தனை கோப்பு கம்பைல் ஆனது என்பது போன்ற வரிகளைக் காட்டாது. தவறு இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் வெற்றி வரி மட்டும். நான் அதைப் போட்டேன். வாடிக்கையாளர்கள் பின்னால் நின்று பார்க்கும்போது கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி பளிச்சென்று வருவது அழகாக இருந்தது.

மேடம் முதலில் தயங்கினார். “எல்லாத்தையும் மறைச்சிட்டா நான் எதப் படிக்கிறது?”

“படிக்க வேண்டியதே இல்ல மேடம். தப்பா இருந்தா அதுவே சொல்லிரும்.”

“சரி. படிச்சுப் படிச்சு எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு” என்றார்.

எங்கள் பெரிய வாடிக்கையாளர் என் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த அதே பட்டாசுக் கம்பெனிதான். அவர்கள் கணக்கு போனால் எங்கள் ஆபீஸ் அந்த வருஷம் நடக்காது. ஆர்டர், லோடு, சரக்கு இருப்பு எல்லாவற்றுக்கும் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தோம். சீசன் மாதங்களில் நான் சிவகாசியில் அவர்களுடைய ஆபீசிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தக் கம்பெனியைக் கவனித்துக்கொண்டவர் சின்ன முதலாளி. அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். வெளியூர் வியாபாரிகள் வந்தால் கூப்பிட்டுக் காட்டுவார்: “நம்ம கருப்பையா மகன். நம்ம கம்பெனி ஆள் பெத்த பிள்ளை. பாருங்க, கம்ப்யூட்டர்ல என்ன போடு போடுறான்னு.” எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும்.

செய்து முடித்த பட்டாசுப் பெட்டிகளை வைக்கும் கட்டடத்துக்குத் தொழிற்சாலையில் மேகசின் என்று பெயர். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். ஒன்று வெடித்தாலும் அடுத்ததுக்குப் போகாமலிருக்கச் சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேலே மண்கரை. எதில் எவ்வளவு வைக்கலாம் என்று லைசென்சில் அளவு உண்டு. மேகசின்களின் சாவி அப்பாவிடம் இருந்தது. அதற்கு முன்னால் அவர் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். அலுமினியப் பொடி ஒட்டிக் கை கால் எல்லாம் வெள்ளியாக வீட்டுக்கு வருவார். சாவி கைக்கு வந்த பிறகுதான் தெருவில் அவரை ‘கருப்பையாண்ணே’ என்றார்கள். அதுவரை ‘ஏலே கருப்பா’தான். தூங்கும்போதும் சாவியை அரைஞாணில் கோத்திருப்பார்.

எங்கள் புரோகிராம் வந்தபின் ஒரு ஏற்பாடு செய்தார்கள். எந்தச் சரக்கை எந்த மேகசினில் வைப்பது என்று புரோகிராமே கணக்குப் பார்த்துச் சீட்டு போடும். காலையில் வேனில் அந்தச் சீட்டுகள் தொழிற்சாலைக்குப் போகும். அப்பா சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அந்த மேகசினைத் திறந்து அடுக்க வேண்டும். லைசென்ஸ் அளவை மீறினால் சீட்டே வராது. எழுத்துக் கூட்டத் தெரியாத அப்பாவுக்கு எண்கள் தெரியும். சீட்டை வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர்களிடம், “எம்மகன் போட்ட சீட்டு” என்பாராம். அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வருஷம் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நம்பர் மேகசினின் மண்கரை ஒரு பக்கம் கரைந்து இறங்கிவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரி, கரையைக் கட்டி முடிக்கும் வரை அதில் பாதிச் சரக்குதான் வைக்கலாம் என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். சின்ன முதலாளி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்களுக்கும் போன் செய்தார். புரோகிராமில் ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். மறுநாள் ஆயுத பூஜை. பூஜை முடிந்து மாற்றிவிடலாம் என்று முடிவாயிற்று. அதுவரை மேகசின் பூட்டித்தான் இருக்கும்.

ஆயுத பூஜைக்குச் சிவகாசி ஆபீஸ் ஹாலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். சின்ன முதலாளி வந்து பார்த்துவிட்டு, “கம்ப்யூட்டர் எங்க?” என்றார்.

அன்றைக்கு மேடமும் வந்திருந்தார். “சர்வர நிறுத்துனா வெளியூர் ஏஜெண்டுக ஆர்டர் போட முடியாது சார். அது இருக்குற எடத்துலயே பொட்டு வச்சிருவோம்.”

“தராசு இருக்கு, லாரி சாவி இருக்கு, பஞ்சர் ஒட்டுற பெட்டிகூட வந்து உக்காந்திருக்கு. சரஸ்வதி முன்னால கம்ப்யூட்டர் இல்லைன்னா எப்படி மேடம்? இம்புட்டு வெல குடுத்து வாங்கிருக்கோம்.”

நாங்கள் புரோகிராமைத் திருத்தி பில்ட் செய்வதற்கென்று தனியாக ஒரு சின்ன மிஷின் இருந்தது. அதை எடுத்துப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லா வயரையும் உருவி, அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, தலைமேல் ஒரு முழம் பூ சுற்றினார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விஜயதசமி. மிஷினைத் தூக்கிவந்து, காற்றுத் துவாரத்தில் சிக்கியிருந்த பொரியைத் தட்டிவிட்டு, வயர்களை மாட்டி ஆன் செய்தேன். கறுப்புத் திரையில் ஏதோ நாலைந்து வரி ஆங்கிலத்தில் வந்தது. மேலே தொடர இந்த பட்டனை அழுத்தவும் என்ற கடைசி வரியை மட்டும் படித்தேன். அழுத்தினேன். தொடர்ந்தது. மூன்றாம் நம்பரின் அளவைப் பாதியாக மாற்றிச் சேமித்துவிட்டு, ஆன்டை ஓட விட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ‘பில்ட் சக்ஸஸ்ஃபுல்’ என்று வந்தது.

எதை ஏற்றினாலும் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வேண்டுமென்றே அளவுக்கு மேல் ஒரு சீட்டு போட்டுப் பார்ப்பேன்; வரக் கூடாது. வந்தால் அதை உடனே ரத்து செய்துவிடுவேன். உட்கார்ந்து எண்ணை அடிக்கப் போனேன். டிஸ்பாட்ச் கிளார்க் பால்ராஜ் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, என்ன செய்யப் போற?”

“சும்மா ஒரு சீட்டுப் போட்டு ரத்துப் பண்ணப் போறேண்ணே.”

“விஜயதசமி அதுவுமா மொதச் சீட்டே ரத்தா? சின்ன மொதலாளி காதுல விழுந்துச்சு, ஒன்னையும் என்னையும் சேத்து ரத்துப் பண்ணிருவாரு. மொதல்ல நல்ல லோடு நாலு போகட்டும். பெறகு நீ என்னத்தையும் ரத்துப் பண்ணு.”

அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடு இருந்தது. எங்கள் வீட்டிலும் அன்றைக்கு முதல் காரியம் தடங்கலில்லாமல் நடக்க வேண்டும் என்பார்கள். நல்ல லோடு நாலு போயிற்று. பிறகு நாற்பது போயிற்று. மேடம் விருதுநகரிலிருந்து போனில் கேட்டார்: “மூணாம் நம்பர் ஏத்தியாச்சா?”

“ஏத்தியாச்சு மேடம். சக்ஸஸ்ஃபுல்.”

அதற்கடுத்த நாள் முற்பகலில் ஆபீஸ் போன் அடித்தது. அப்பா. மேகசின் பக்கம் போன் கிடையாது. சூப்பர்வைசர் அறைக்கு நடந்துவந்துதான் பேச வேண்டும், நல்ல தூரம். மூச்சு வாங்குவது போனிலேயே கேட்டது.

“முத்து, மூணாம் நம்பருக்குத்தான் இன்னைக்கும் சீட்டு வந்திருக்கு. பாதிக்கு மேல ஆயிட்ட மாதிரி தெரியுதே. வைக்கலாமா?”

என்னைச் சுற்றிப் பால்ராஜ் அண்ணனும் இரண்டு ஏஜெண்டுகளும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினேன் என்பதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

“அப்பா, அதுல நான் மாத்தி ஏத்தியாச்சு. பாதிக்கு மேல ஆச்சுன்னா அது சீட்டே குடுக்காது. சீட்டு வந்திருச்சுல்ல? கணக்கு அது பாத்துக்கிரும். நீங்க வைங்க.”

“நான் அடுக்குன அடுக்கு எனக்கு...”

“நீங்க கண்ணால பாக்குறீக. அது கணக்குப் பாக்குது.”

“சரிப்பா. நீ சொன்னா சரிதான்” என்று போனை வைத்துவிட்டார். ஏஜெண்டு ஒருவர், “அப்பாவுக்கே கிளாஸ் எடுக்குறாரே தம்பி” என்றார். நான் சிரித்தேன்.

கரை வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க அதிகாரி திடீரென்று வந்தபோது மூன்றாம் நம்பர் நிறைந்திருந்தது. பாதி இருக்க வேண்டிய இடத்தில் கூரை முட்ட அடுக்கு. மேகசினுக்குச் சீல் வைத்தார். அந்த வரிசையில் இருந்த பேக்கிங் ஷெட்டுகளையும் மறு உத்தரவு வரும் வரை மூடச் சொன்னார். அம்மா வேலை பார்த்த ஷெட்டும் அதில் ஒன்று. தீபாவளி நெருங்குகிற நேரம். பொறுப்பான ஆள் மீது என்ன நடவடிக்கை என்று எழுத்தில் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பொறுப்பான ஆள் என்றால் சாவி வைத்திருப்பவர்.

மறுநாள் சின்ன முதலாளியின் அறையில் நான், மேடம், அப்பா மூவரும் இருந்தோம். மேடத்துக்கு மட்டும் நாற்காலி. அப்பா செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை.

“கருப்பையா, மூணாம் நம்பர்ல பாதிதான்னு ஒனக்குச் சொன்னனா இல்லையா?”

“சொன்னீக மொதலாளி.”

“பெறகு எப்படி ரொம்புச்சு?”

“சீட்டு வந்துச்சு. வச்சேன்.”

“சீட்டு வந்தா வச்சிருவியா? நாளைக்குக் கெணத்துக்குள்ள வைன்னு சீட்டு வந்தா அங்கனயும் கொண்டுபோய் வப்பியா?”

பக்கத்து அறையில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

“சந்தேகம்னா ஒரு போன் போட்டுக் கேக்கலாம்ல?”

அப்பா தரையைப் பார்த்தார். “கேக்காம விட்டது என் தப்புதான் மொதலாளி.”

“கேட்டாரு சார்” என்றேன்.

“என்ன தம்பி?”

“அப்பா போன் பண்ணிக் கேட்டாரு சார். நான்தான் வைக்கச் சொன்னேன். புரோகிராம்ல பாதின்னு மாத்தித்தான் ஏத்துனேன். பில்ட் சக்ஸஸ்ஃபுல்னு வந்துச்சு. ஆனா சர்வர்ல பழைய கணக்குதான் ஓடிருக்கு போல. அது எப்படின்னு இன்னும்...”

நான் பேசப் பேச அவர் முகம் என்னிடமிருந்து விலகி அப்பாவிடம் போனது. “ஏம்ப்பா, நீ போன் போட்டியா?”

“இல்ல மொதலாளி. பய எனக்காகச் சொல்லுதான். அவனுக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

சின்ன முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கோபமெல்லாம் இறங்கிவிட்டது. மேடத்தைப் பார்த்து, “பாத்தீகளா மேடம்? அப்பன் தலையில விழப் போறதத் தன் தலையில வாங்கிக்கிட வர்றான். நம்ம வீட்டுப் பிள்ளைகளும் இருக்கே” என்றார். என்னைப் பார்த்து, “நல்லா இருப்பீங்க தம்பி. ஆனா வேல வேற, பாசம் வேற. அதிகாரிக்கு நான் எழுதிக் குடுக்கணும்ல” என்றார்.

உண்மையைச் சொன்னதற்கு என்னைப் பாராட்டியே அனுப்பினார்கள். அப்பா அரைஞாணிலிருந்து சாவியைக் கழற்ற அந்த அறையிலேயே சிரமப்பட்டார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. நான் உதவப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

விருதுநகர் பஸ்ஸில் மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்தார். காராச்சேவை எடுக்கவில்லை. திருத்தங்கல் தாண்டியபின் கேட்டார்: “நெசமாவே போன் வந்துச்சா?”

“ஆமா மேடம்.”

“என்னாச்சுன்னு மொதல்ல கண்டுபிடிங்க. தெரியாம போய் நின்னா இன்னைக்கு மாதிரித்தான் நிக்கணும்.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “படிக்க அலுப்பா இருக்குன்னு சொன்னவ நான்” என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் கேட்டேன். “ஏன்ப்பா இல்லைன்னு சொன்னீக?”

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். “என்னைய ஏலேன்னாலும் போலேன்னாலும் கேட்டுக்கிருவேன். அது பழகுன காது. ஒன்னைய அந்த எடத்துல நிறுத்தி ஏலேன்னா, அத நான் நின்னு கேக்கணுமா?”

“அதுக்காகப் பொய் சொல்லலாமா?”

“நான் ஒனக்காக மட்டும் சொல்லல. எனக்குத் தெரியும்ல, ரொம்பிருச்சுன்னு. கண்ணு முன்னால நிக்கிது. மகன் சொல்லிட்டானேன்னு வச்சேன். வேற எவன் சொல்லிருந்தாலும் வச்சிருக்க மாட்டேன்.”

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். “அப்பனும் மகனும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துனது போதும். எங்க செட்ட மூடிப்புட்டாக. பாண்டியம்மா, முருகேசு பொஞ்சாதி, எல்லாரும் வீட்ல உக்காந்திருக்காளுக. அவளுகள ஆரு காப்பாத்துவா?” தட்டில் சோறு வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை சிவகாசி ஆபீசில், சத்தமில்லாமல் ஓடு என்ற சொல்லை எடுத்துவிட்டு ஆன்டை ஓட விட்டேன். வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. மேடத்தைப் போல முணுமுணுத்துப் படித்தேன். ஒரு கோப்பு கம்பைல் ஆனது என்று வர வேண்டிய வரி வரவே இல்லை. கடைசியில் வழக்கம்போல வெற்றி. நான் திருத்திய கோப்பின் நேரத்தைப் பார்த்தேன். பல வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி மாதத் தேதி இருந்தது. அப்போது இந்தக் கம்பெனியே கிடையாது. நான் கல்லூரியில் இருந்தேன்.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது அதன் கடிகாரத்தை ஓட்டுவதற்கென்று உள்ளே ஒரு சின்னப் பேட்டரி உண்டு. அந்த மிஷினில் அது எப்போதோ தீர்ந்திருக்கிறது. வயர் எப்போதும் சொருகியே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சாமி முன்னால் வைக்க வயரை உருவியதும் கடிகாரம் அதன் ஆரம்பத் தேதிக்கே போய்விட்டது. விஜயதசமி காலையில் கறுப்புத் திரையில் வந்த அந்த நாலைந்து வரிகள் அதைத்தான் சொல்லியிருக்கின்றன. நான் திருத்திய கோப்பு பழைய தேதியில் பதிவாயிற்று. ஆன்ட் நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. இது முந்தையது, ஒன்றும் மாறவில்லை என்று தொடாமல் விட்டது. செய்ய ஒரு வேலையும் இல்லாதபடியால் அது வெற்றிகரமாக முடிந்தது. திரையின் மூலையில் கடிகாரம் அன்று முழுக்கத் தப்பாகத்தான் ஓடியிருக்கும். சுவரில் பெரிய கடிகாரம் மாட்டியிருக்கும்போது அதை யார் பார்க்கிறார்கள்?

மேடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விவரமாகச் சின்ன முதலாளிக்கு எழுதினார். அப்பா போன் செய்ததையும் நான் வைக்கச் சொன்னதையும் எழுதச் சொன்னேன். “எழுதுனா நம்மள வெளிய போட்டாலும் போடலாம்” என்று சொல்லிக்கொண்டே எழுதினார். அவர் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டதை நான் மறக்கவில்லை.

எங்களை யாரும் வெளியே போடவில்லை. சாயங்காலம் சின்ன முதலாளி போன் செய்தார். “படிச்சேன் மேடம். அந்தப் பேட்டரிய மாத்திருங்க” என்றார். அவ்வளவுதான். அப்பாவைப் பற்றி மேடம் கேட்டதற்கு, மேகசினுக்குப் புது ஆள் பேரை அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று, இனி மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார். பேட்டரி வட்டமாக, ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருந்தது. பஜாரில் ஒரு வாட்ச் கடையில் கிடைத்தது.

ஷெட்டுகளைத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் திறந்தார்கள். அதுவரை எங்கள் தெருவில் நான் நடந்தால் வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள், “என்ன தம்பி, ஆபீஸ் முடிஞ்சுச்சா? சாப்பிட்டீகளா?” என்று எப்போதும்போலக் கேட்டார்கள். என்னால்தான் என்று பாண்டியம்மா அத்தையிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். “போங்க தம்பி, மிஷினு கெட்டதுக்கு நீங்க என்ன செய்வீக” என்றாள். திட்டியிருந்தால் தெருவில் தலை நிமிர்ந்து நடந்திருப்பேன்.

பில்ட் கோப்பில் நீங்கள் கேட்ட இரண்டையும் அந்த வாரம்தான் எழுதினேன். புதிய கருவியில் அவை தேவையா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்குத் தொழிற்சாலை வாசலில் வேலை கொடுத்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்து, தீப்பெட்டி, பீடி, செல்போன், ஆணி அடித்த செருப்பு எதுவும் போகாமல் தடுக்கிற வேலை. காக்கிச் சட்டை, ஒரு மர ஸ்டூல். அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால், மேகசினுக்கு வந்த புது ஆளுக்குப் புரோகிராமைச் சொல்லிக்கொடுக்க நான் தொழிற்சாலைக்குப் போக வேண்டியிருந்தது. வேனிலிருந்து இறங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் சூப்பர்வைசர் ஒருவர் இருந்தார். அப்பா அவரைத் தோளைத் தொட்டு உள்ளே விட்டார். ஆபீஸ் ஆட்களை அப்படி விடுவது வழக்கம்தான் போலிருக்கிறது.

என் முறை வந்தது. செல்போனை நானே எடுத்து மேஜையில் வைத்துவிட்டு உள்ளே நடக்கப் போனேன். அப்பா குறுக்கே கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பைக்குள் கைவிட்டு மூலைவரை துழாவினார். ஷூவைக் கழற்றச் சொல்லி இரண்டையும் கவிழ்த்துத் தட்டினார். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் சிரிப்பு வந்தது.

“நான்தான்ப்பா” என்றேன்.

“தெரியுது” என்றார் அப்பா. “கையத் தூக்குங்க.”